பழைய இரும்போடு போகக் கூடாத கருவிகள்

இளையரசனேந்தல் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் நோயாளிகளிடம், "வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறதா?" என்று கேட்டால், "இருந்தது டாக்டர், பழுதாகிவிட்டது. புதிதாக வாங்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். பழைய கருவி இழுப்பறையில் கிடக்கும். அல்லது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயிருக்கும். இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். எதையும் வீணாக்காத அந்த வழக்கம் நல்லதே. ஆயினும், இரும்பு வேறு. மின்னணுக் கருவி வேறு.

பழைய மின்னணுப் பொருள்களில் ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கலாம். செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிக்கும்போதும், அமிலத்தில் ஊறவைத்து உலோகம் பிரிக்கும்போதும் நஞ்சு காற்றிலும் மண்ணிலும் கலக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. 2022-இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.

மருத்துவக் கருவியும் நஞ்சாகலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து, பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் பழைய பொருள் கடைக்குச் சென்றிருந்தது 2001-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆலை அவ்வாண்டே மூடப்பட்டது. மண்ணில் கலந்த பாதரசத்தை அகற்றும் பிரச்சினையோ பல ஆண்டுகள் நீடித்தது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை

மருத்துவமனை, பள்ளி, கடை என எதுவாயினும், கழிவைக் குறைக்கும் பணி கொள்முதலின்போதே தொடங்குகிறது. உதிரிபாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். வேகம் குறைந்த கணினியை எளிய பதிவு வேலைக்கு மாற்றலாம். இறுதியில் அப்புறப்படுத்தும்போது, அதிலுள்ள நோயாளிகளின் விவரங்களை மீட்க இயலாதவாறு அழித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் மருத்துவக் கருவிகளுக்கும் பொருந்தும். உடலுக்குள் பொருத்தப்படுபவையும் தொற்றுள்ளவையும் மட்டுமே விதிவிலக்கு. மறுசுழற்சிக்கான பொறுப்பை இவ்விதிகள் உற்பத்தியாளர்மீதே சுமத்துகின்றன.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• இரத்த அழுத்தக் கருவி தவறான அளவு காட்டுவதாகத் தோன்றினால், அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். எங்கள் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல நேரங்களில் கைப்பட்டையையோ பேட்டரியையோ மாற்றினாலே போதும்.

• நெபுலைசர் கருவியில் முகமூடி, குழாய், வடிகட்டி ஆகியவைதாம் விரைவில் தேயும். அவற்றை மட்டும் மாற்றினால் கருவி நெடுநாள் உழைக்கும்.

• கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பயன்பாடின்றிக் கிடந்தால், பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசியும் பேட்டரி கருவியைக் கெடுத்துவிடும்.

• சர்க்கரைப் பரிசோதனை ஊசிகளையும் பட்டைகளையும் கருவியோடு சேர்த்துப் போடாதீர்கள். அவை இரத்தம் பட்டவை. ஊசிகளைத் துளைபடாத மூடிய டப்பாவில் தனியே சேமித்து, அப்புறப்படுத்தும் முறையைச் செவிலியரிடம் கேளுங்கள்.

• இனி உதவாது என்ற கருவியை எங்கே திருப்பித் தரலாம் என்று விற்ற கடையிலோ தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்திலோ கேளுங்கள்.

உடனடிக் கவனத்துக்கு ஒன்று

சர்க்கரை பார்க்கும் கருவி, எடை பார்க்கும் கருவி போன்றவற்றில் நாணய வடிவிலான லித்தியம் பேட்டரி இருக்கும். தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்தானதே. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். சந்தேகம் எழுந்தாலே போதும். அறிகுறிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தீர்ந்த பேட்டரியை இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு வீட்டின் நோயைக் கண்காணிக்க வாங்கிய கருவி, மற்றொரு வீட்டுக்கு நோயைக் கொண்டு செல்லக் கூடாது. புதிய கருவி வாங்குமுன் பழையதை ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள்.