பூட்டு உடையாமலே பணம் போகும்

பருத்தி விற்ற பணமோ, தேங்காய் விற்ற பணமோ, தாராபுரம் வட்டாரத்தில் இப்போது பெரும்பாலும் வங்கிக் கணக்கு வழியாகத்தான் புழங்குகிறது. அதற்குக் காவல் பள்ளிக்கூடத்தில் படித்த பகா எண்கள்தான். 101-ஐ 103-ஆல் பெருக்கினால் 10403. ஒரு நிமிட வேலை. வெறும் 10403-ஐக் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கியது என்று கேட்டால் 3, 7, 11, 13 என வரிசையாக வகுத்துப் பார்த்துச் சலித்துப்போவோம். வங்கி இணையதளங்கள் பலவற்றின் பூட்டில் இருப்பது 617 இலக்க எண். முந்நூறு சொச்சம் இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்களின் பெருக்கல்.

ஓர் எண் பகா எண்தானா என்று விரைவாகவும் ஐயமில்லாமலும் சொல்லும் வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டார்கள். பெருக்கியதைப் பிரிப்பதுதான் மலைப்பு. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்க ஆன கணக்கீட்டை கணினிச் செயலியின் ஒற்றை ‘கோர்’ மட்டும் செய்யும்படி விட்டிருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஓடியிருக்கும்.

திருடர்கள் இந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுவார்களா என்ன? நேராக உங்களிடமே கேட்கிறார்கள். பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஆப்பை நிறுவும் கோப்பு, வரும். அதை இறக்கி, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. அவர்களுக்கும் போகும். “பணம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்றும் நம்பாதீர்கள். போலித் தளத்துக்கும் அதே பூட்டு கிடைக்கும். நீங்களும் திருடனும் பேசுவதை மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான்.

பணம் போனபின் “எங்க சிஸ்டம் பக்கா, நீங்கதான் ஓ.டி.பி. சொல்லியிருப்பீங்க” என்று கிளையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில், தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பை வங்கியின் மேல்தான் வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே விதி வந்தது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத கசிவு என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. வாய் தவறி ஓ.டி.பி. சொல்லியிருந்தாலும், நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. பலருக்கும் தெரியாத வரி இதுதான். அவமானம் என்று வீட்டில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

முதல் அழைப்பு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு. பணம் கைமாறிப் போகும் முன் நிறுத்திவைக்க அதில்தான் வாய்ப்பு அதிகம். கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். நேரில் எழுதிக் கொடுத்தால் நகலில் தேதியும் நேரமும் போட்டு முத்திரை கேளுங்கள். யார் எப்போது சொன்னார்கள் என்பதில்தான் பிறகு வழக்கே நிற்கும். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448.