செல்லிடத் தொடர்புத் தொகுதிகளுக்கான மின்வழங்கல்: சராசரியும் உச்சமும்

முன்னுரை

ஆற்றுநீர் மட்டத்தைக் கண்காணித்துக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி, செல்லிடத் தொடர்புத் தொகுதி ஒன்றைச் சார்ந்தே இயங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் குறையின்றி இயங்கிய இத்தகைய கருவி, அலைக்கோபுரத்திற்குத் தொலைவில் நிறுவப்பட்டபின், செய்தி அனுப்ப முயலும் கணத்திலேயே அணைந்து மீண்டும் தொடங்குவதுண்டு. வெள்ளம் பெருகும் இரவில் அது ஊமையாகிவிடின், அதனை நிறுவியதால் பயனில்லை. பலவேளைகளில் பிழை நிரலில் இல்லை, மின்வழங்கலில் உள்ளது. அதன் காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உச்ச மின்னோட்டம்

இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். முறையில் 4.615 மில்லி விநாடி கொண்ட ஒவ்வொரு சட்டகமும் எட்டுக் காலத்துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. குரல் அழைப்பின்போது தொகுதி அவற்றுள் ஒன்றில், ஏறத்தாழ 577 மைக்ரோ விநாடி மட்டுமே அலைபரப்புகிறது. சமிக்ஞை நலிந்த இடங்களில், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அலைபரப்புத் திறன் 2 வாட் வரை உயரும்; அப்போது ஏறக்குறைய 2 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். எட்டில் ஒரு பங்கு நேரமே இது நீடிப்பதால், அலைபரப்பின் சராசரி 0.25 ஆம்பியராகவே தோன்றும். அந்தச் சராசரியை நம்பிச் சீராக்கியைத் தேர்வதே முதற்பிழை.

சிம்800எல் தொகுதிக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை மின்னழுத்தம் தேவை. மூலம் 4.0 வோல்ட் எனவும், மின்கலத்திலும் கம்பிகளிலும் உள்ள மொத்தத் தடை 0.4 ஓம் எனவும் கொள்வோமாயின், 2 ஆம்பியர் பாயும்போது 0.8 வோல்ட் இழப்பு ஏற்படும். எஞ்சுவது 3.2 வோல்ட், தொகுதி அணைந்துவிடும். மல்டிமீட்டர் சராசரியையே காட்டுவதால் இச்சரிவு அதில் புலப்படாது. அலைவுகாட்டியில் மட்டுமே தெரியும்.

மின்தேக்கியின் பங்கு

மூலம் 1 ஆம்பியர் மட்டுமே தரவல்லதெனின், எஞ்சிய 1 ஆம்பியரை மின்தேக்கி 577 மைக்ரோ விநாடிக்கு ஈடுசெய்ய வேண்டும். 0.2 வோல்ட் சரிவை ஏற்கலாமெனில், தேவைப்படும் கொண்மம் ஏறத்தாழ 2,900 மைக்ரோ ஃபாரட். அம்மின்தேக்கியின் உள்தடை குறைவாக இருத்தல் வேண்டும். தொகுதியின் மின்முனைக்கு மிக அருகில், அகன்ற குறுகிய தடத்தால் இணைக்கப்படுதலும் வேண்டும்.

உறக்கநிலைச் செலவு

சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் இரண்டாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை நிரப்பவல்ல என்.பி.-ஐ.ஓ.டி. தொகுதிகளின் அலைபரப்புத் திறன் பொதுவாக 0.2 வாட்டைத் தாண்டுவதில்லை. ஆற்றல் சேமிப்பு முறையில் அவை சில மைக்ரோ ஆம்பியரே நுகரும். எனினும் சீராக்கி தன் இயக்கத்திற்கே 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளுமாயின், 2,400 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் 20 நாள்களில் தீர்ந்துவிடும்.

முடிவுரை

உச்ச மின்னோட்டம் கருவி இயங்குமா என்பதை உறுதிசெய்கிறது; உறக்கநிலை மின்னோட்டம் அது எத்தனை நாள் இயங்கும் என்பதை வரையறுக்கிறது. இவ்விரண்டையும், சமிக்ஞை மிக நலிந்த இடத்தில், மின்கலம் தளர்ந்த நிலையில் அளந்தறிந்த பின்னரே கருவியைக் களத்தில் நிறுவுதல் தகும்.