பார்வையைக் காக்கும் விழித்திரைச் சோதனை

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பங்காருபாளையம் மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்றது. இத்தகைய ஊர்களில் கண்புரையால் மங்கிய பார்வையை அறுவைச் சிகிச்சை மீட்டுத் தருகிறது. ஆனால், விழித்திரைக் கேட்டினால் இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்க இயலாது. எனவே, வருமுன் காப்பதே வழியாகும்.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதென 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. சென்னையில் நடைபெற்று 2005-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு உடையோரில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு விழித்திரைப் பாதிப்புக் காணப்பட்டது. மிகுந்த சர்க்கரை நுண்குழாய்களின் சுவரை நலிவுறச் செய்கிறது, நீர் கசிகிறது, சில குழாய்கள் அடைபடுகின்றன. உயிர்வளி குன்றிய பகுதியில் புதிதாக முளைக்கும் மெல்லிய குழாய்கள் உடைந்து குருதி கசியும், விழித்திரையும் பிரியக்கூடும். முற்றும்வரை வலியோ மங்கலோ தோன்றாமலிருக்கலாம்.

பரம்பரைக் குருதிநோயான அரிவாள் அணுச்சோகையிலும் இதையொத்த கேடு நேர்கிறது. வளைந்த சிவப்பணுக்கள் விழித்திரையின் ஓரக் குழாய்களை அடைக்கின்றன. நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்நோய்க்கூறு இருப்பது 1952-இல் அறியப்பட்டது. இதனை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023-இல் தொடங்கப்பட்டது.

இரு நோய்களும் ஒருவரிடம் சேரும்போது ஓர் இடர் உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஏ1சி சோதனை, சிவப்பணுக்கள் விரைவில் அழிவதால், உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டக்கூடும். எண்ணை நம்பிக் கண்ணைப் பாராதிருத்தல் தவறாகும்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு எனில், நோய் அறியப்பட்டவுடனும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுதோறும், கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதிக்க வேண்டும். அரிவாள் அணுச்சோகை உள்ள குழந்தைகளுக்கு இச்சோதனை 10 வயதளவில் தொடங்குவது முறை. முற்றிய நிலையில் லேசர் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பதை அமெரிக்க ஆய்வொன்று 1976-இல் நிறுவியது. கண்ணுள் செலுத்தும் ஊசிமருந்துகளும் இன்று உள்ளன.

1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2019 முதல் திருப்பதியிலும் பணியாற்றுகிறது. ஆயினும், பார்வை தெளிவாக உள்ளவர் தாமாகக் கண் மருத்துவரை நாடிச் செல்வது அரிது. சர்க்கரைச் சோதனைக்கு வருபவரிடம், "கண்ணைக் காட்டினீர்களா?" என்று ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். விழித்திரைப் படத்தை அங்கேயே எடுத்து நிபுணருக்கு அனுப்பும் முறை பரவுமாயின், தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு பெரிதும் குறையும்.