வெந்நீர் சொல்லும் பாடம்

சேலத்தில் சமர்த்தாக வெந்துவிடும் பருப்பு, ஏற்காட்டுக்குப் போனதும் ஏன் அடம் பிடிக்கிறது? குக்கர் இல்லாமல் சமைத்துப் பார்த்த பெண்மணிகளுக்குத் தெரிந்த சங்கதிதான் இது. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. உயரப் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99 டிகிரி ஆகவேண்டும்.

இந்த நாலு டிகிரி வித்தியாசத்துக்குள் உபாத்தியாயர்களுக்கு ஓர் அருமையான யுக்தி ஒளிந்திருக்கிறது!

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, பாடம் டெலிபோனுக்குள் புகுந்துகொண்டது. மலைக் கிராமங்களில் 'சிக்னல்' கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும், "புரிந்ததா?" என்று டீச்சர் கேட்பார், "புரிந்தது, டீச்சர்" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான்! பக்கத்துப் பெஞ்சுத் தோழியிடம் கேட்டுத் தெளியக் குழந்தைக்கு வழியில்லை. அந்தக் காலம் போயிற்று என்று இருந்துவிடலாமா? 2024 டிசம்பரில், பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டதே!

எட்ட இருக்கும் குழந்தைகளைச் சேர்ந்து படிக்க வைப்பது எப்படி? ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இருக்கக் கூடாது, அதுதான் ரகசியம். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் 1971-ல் எலியட் ஆரன்ஸன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் பாடம் முழுமையாகும்!

அதே போல, மலையில் ஒரு மாணவி, சேலத்தில் ஒரு மாணவன், பெரியவர்கள் துணையோடு வெந்நீரின் உஷ்ணத்தை அளக்கட்டும். (பள்ளிக்கூடத்துத் தர்மாமீட்டர்தான் வேண்டும், காய்ச்சல் பார்ப்பது உடைந்துவிடும்.) தனித்தனியே அவை வெறும் எண்கள். டெலிபோனில் ஒப்பிட்டதும், "ஏன்?" என்ற கேள்வி பிறக்கும். விஞ்ஞானம் அங்கேதானே ஆரம்பமாகிறது?

கம்ப்யூட்டர் பாடத்துக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், கோலம் போதும்! கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் நம் கோலங்களைக் கணிப்பொறி இலக்கணமாக ஆராய்ந்து 1974-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு குழந்தை புள்ளிக் கணக்கையும் இழை போகும் வழியையும் போனில் சொல்லட்டும். இன்னொன்று சொன்னபடியே வரையட்டும். மூன்றாவது, பிசகு எங்கே என்று கண்டுபிடிக்கட்டும். 'புரோகிராம்' எழுதுவதும் திருத்துவதும் இதுவே.

குழுவுக்கு மூன்று நான்கு பேர் போதும். வேலையை முறை மாற்றிக் கொடுக்கவேண்டும். கடைசியில் டீச்சர், "நீ கண்டது என்ன?" என்று கேட்பதைவிட, "உன் தோழி கண்டது என்ன?" என்று கேட்கட்டும்.

தாய்மார்களே! உங்கள் பெண் போனில் சிநேகிதியோடு கோலக் கணக்குப் பேசினால், அரட்டை என்று அதட்டிவிடாதீர்கள். அது பாடம்தான்!