குட்டி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புதுச்சேரியில் பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது முகத்தை: மூக்கு எடுப்பான டால் ஃபேஸா, சப்பையான பஞ்ச் ஃபேஸா? அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, தாய்க்கும் தகப்பனுக்கும் பி.கே.டி. பரிசோதனை செய்தார்களா என்பதுதான்.

பி.கே.டி. என்பது பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய். 2003இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஸ்கேன் செய்த பெர்ஷியன் பூனைகளில் பத்தில் நான்குக்கு இது இருந்தது. பிறக்கும்போதே இருக்கும் நுண்ணிய கட்டிகள் வயதோடு பெருத்து, நல்ல திசுவை நெருக்குகின்றன. சராசரியாக ஏழு வயதுவாக்கில் பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும், இளைக்கும், சாப்பாட்டை ஒதுக்கும். சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். அதற்குள் பூனை பல ஈற்றுக் குட்டிகளைப் போட்டிருக்கும்.

2004இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் காரணத்தைப் பிடித்தார்கள். பி.கே.டி.1 மரபணுவில் ‘சி’ என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘ஏ’. இந்த ஓர் எழுத்து ‘இங்கே நிறுத்து’ என்ற கட்டளையாகிவிடுகிறது; பாலிசிஸ்டின் புரதத்தின் கடைசிக் கால்பகுதி உருவாவதே இல்லை. மனிதர்களின் பரம்பரை நீர்க்கட்டி நோய்க்கும் பெரும்பாலும் இதே மரபணுவின் பழுதுதான் காரணம்.

மரபணுவின் இரு நகல்களில் ஒன்று பழுதானாலே இந்த நோய் வரும். இரண்டும் பழுதானால் கரு பிழைக்காது என்று கருதப்படுகிறது. ஆகவே நோயுள்ள பூனையிடம் நல்ல நகல் ஒன்றும் உண்டு. அதை ஆரோக்கியமான பூனையோடு இணை சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. ஆனால் இந்த நோயால் ஆரோக்கியமான பெற்றோருக்குள் ஒளிந்து தலைமுறை தாண்ட முடியாது. இரு பெற்றோரிடமும் பழுது இல்லையென்றால் குட்டிகளுக்கும் இல்லை. ஒரே தலைமுறையில் ஒரு வம்சத்திலிருந்து துடைத்துவிடக்கூடிய பரம்பரை நோய் இது!

கன்னத்தின் உட்புறத்தில் ஒரு சின்ன பிரஷ்ஷைத் தேய்த்தெடுத்தால் மரபணுச் சோதனைக்குப் போதும். சில வாரக் குட்டிக்கே செய்யலாம். ஸ்கேனில் உறுதியாகத் தெரிய ஏறக்குறைய பத்து மாதமாவது ஆகவேண்டும். இந்த மரபணுச் சோதனை ஒரு பழுதை மட்டுமே தேடும் என்பதால் ஸ்கேனும் வேண்டும். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மருத்துவரிடம் வழி கேட்கலாம்.

பழுது இருப்பதாகத் தெரிந்த பூனையைக் கைவிட வேண்டாம்; கருத்தடை செய்துவிட்டு அன்பாக வளர்க்கலாம், பல ஆண்டுகள் நன்றாக வாழும். வாங்குகிறவர்கள் சான்று கேட்கத் தொடங்கினால், விற்கிறவர்களும் சோதித்துத்தான் இணை சேர்ப்பார்கள்.