விரல் நுனியில் ஒரு காவல்காரன்

அரக்கோணம் ஜங்ஷனில் காட்பாடிப் பக்கம் போகும் ரயில் வந்து நின்றதும் கவனியுங்கள். ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இப்படி நாலு பேராவது ஏறுவார்கள். எங்கே போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான்! 1900-ம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

அந்த நாளில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த டாக்டர் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார், தெரியுமா? நோயாளியின் உதட்டையும் நகத்தையும்! அவை நீலம் பாய்ந்தால் இரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால், கண்ணுக்கு நீலம் தெரிவதற்குள் ஆபத்து வெகுவாக முற்றிவிடும்.

இதற்கு வழி கண்டவர் டாகுவோ அவோயாகி என்ற ஜப்பானிய எஞ்சினீயர். 1974-ல் அவர் வெளியிட்ட தத்துவத்தில் பிறந்ததுதான் ‘பல்ஸ் ஆக்ஸிமீட்டர்’. விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப்பிலிருந்து சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. பிராணவாயு குறைந்த இரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கிவிடும். நாடி துடிக்கத் துடிக்க இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கருவி எண்ணாகக் காட்டுகிறது. ஊசி குத்த வேண்டாம்; ஒரு சொட்டு இரத்தமும் வேண்டாம்!

2008-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுக்குமுன் இது நோயாளிக்கு மாட்டியிருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. 2020-ல் கொரோனா வந்தபோது நம் வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது. மூச்சுத் திணறல் தெரியாமலே பிராணவாயு இறங்கிய பலரை அது காட்டிக்கொடுத்தது.

உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் சில விஷயங்களைக் கவனியுங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், அழுத்தமான மருதாணி இல்லாத விரலாகப் பாருங்கள். கை ஜில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கையை ஆட்டாமல், எண் நிலைக்கும் வரை பொறுங்கள். சாதாரணமாக 95-க்கு மேல் இருக்கும். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவே கணக்கு.

இன்னொன்று. கறுத்த மேனி உள்ளவர்களுக்குச் சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டிவிடும். ஆகவே எண் 96 என்று சொன்னாலும், தாத்தா மூச்சு வாங்கினால், உதடு நிறம் மாறினால், தாத்தாவைத்தான் நம்ப வேண்டும், கருவியை அல்ல. அடுத்த ரயிலுக்குக் காத்திராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்!