உங்களுக்குத் தெரியுமா? பழைய பாணி ஈஸ்டர் மேசை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈஸ்டர் ஞாயிறன்று குடும்பமே கூடி உட்காரும் விருந்து மேசையைப் பாட்டி காலத்துப் பொருள்களால் அலங்கரிப்பது பலருக்கும் பிரியமான வேலை. 1880களிலிருந்து 1950கள் வரை வீடுகளில் புழங்கிய கண்ணாடி, பீங்கான், காகிதம், மரம் எல்லாம் அன்று அலமாரியை விட்டு வெளியே வரும். அந்த மேசையில் காரணமில்லாமல் வந்து உட்கார்ந்த பொருள் எதுவுமில்லை. பெரும்பாலும் நோன்பு, பருவம், சிக்கனம் ஆகிய மூன்றில் ஒன்று அதன் பின்னால் இருக்கும். அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டு வைத்தால்தான் அலங்காரத்துக்குப் பொருள் வரும்.

விரிப்பு விரிக்கும் முன்

● ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. திருச்சபைக் கணக்குப்படி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மேலைத் திருச்சபைகளில் அது மார்ச் 22க்கு முன்னால் வராது. ஏப்ரல் 25ஐத் தாண்டியும் போகாது. 2026இல் ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28. ஐரோப்பாவில் பனி விலகித் துளிர் விடும் நேரம் அது. மேசையில் இளம்பச்சையும் மஞ்சளும் நிறைந்திருப்பது அந்தப் பருவத்தால்தான்.

● திருவழிபாட்டில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நிறம் ஊதா. உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு வெள்ளையும் பொன்னிறமும். வெள்ளை லினன் விரிப்பும் பொன் விளிம்பிட்ட பீங்கான் தட்டும் இந்த நாளுக்கு இவ்வளவு பொருந்துவது அதனால்தான்.

● சாப்பாட்டு மேசைக் கைத்துணியைத் திருச்சபை ஆயர்கள் அணியும் தொப்பி வடிவில் மடித்துத் தட்டின்மேல் நிறுத்துவது விக்டோரியா காலத்துப் பழக்கம். துணிக்கு நன்றாகக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தால்தான் மடிப்பு நிற்கும்.

முட்டை

● ஏன் முட்டை? இடைக்கால ஐரோப்பாவில் 40 நாள் தவக்காலத்தில் இறைச்சி, பால், வெண்ணெயோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகள் இடுவதை நிறுத்தவில்லை. ஆகவே நோன்பு முடியும் நாளில் வீடு நிறைய முட்டை சேர்ந்திருக்கும். அதை அவித்து, வண்ணம் ஏற்றி, அண்டை அயலாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.

● 1290ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் ஈஸ்டருக்காக 450 முட்டைகள் வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. விலை 18 பென்னி. அவற்றுக்கு வண்ணமும் தங்க ரேக்கும் பூசி அரண்மனையில் இருந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

● 1885இல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர் தன் மனைவி மரியாவுக்கு ஈஸ்டர் பரிசாகக் கொடுத்ததுதான் ஃபேபர்ஜே பொற்கூடத்தின் முதல் அரச முட்டை. வெளியே வெள்ளை எனாமல் ஓடு. திறந்தால் தங்க மஞ்சள் கரு. அதற்குள் ஒரு தங்கக் கோழி. கிராமத்துப் பிள்ளை கையில் இருந்த அதே முட்டைதான் அரண்மனையில் தங்கமாயிற்று.

● உக்ரைனின் பிசாங்கா முட்டையில் ஓவியத்தைத் தூரிகையால் தீட்டுவதில்லை. உருக்கிய தேன்மெழுகைச் சிறு குழல் கொண்ட எழுத்தாணியால் கோடாக இட்டு, முதலில் வெளிர் சாயத்திலும் பிறகு படிப்படியாக அடர்ந்த சாயத்திலும் தோய்ப்பார்கள். மெழுகு மூடிய இடம் பழைய நிறத்திலேயே நிற்கும். கடைசியில் மெழுகை உருக்கித் துடைத்தால் முழுக் கோலமும் தெரியும். கொலோமியா நகரில் இதற்கென்றே முட்டை வடிவில் கட்டிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2024இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

● கிரேக்க மேசையில் முட்டைக்கு ஒரே நிறம்: சிவப்பு. கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கும் அந்த நிறத்தை ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று ஏற்றுவார்கள். விருந்தின்போது ஒருவர் முட்டையை இன்னொருவர் முட்டையோடு மோதுவார். உடையாத முட்டைக்காரருக்கு அந்த ஆண்டு நல்லதாக அமையும் என்பது நம்பிக்கை.

சாயம்

● பொட்டலச் சாயம் வருமுன் முட்டைக்கு நிறம் கொடுத்தது அடுப்பங்கரைதான். வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்தால் ஆரஞ்சு முதல் செம்பழுப்பு வரை கிடைக்கும். மஞ்சள் தூள் பளிச்சென்ற மஞ்சளையும், பீட்ரூட் இளஞ்சிவப்பையும், ஊதா முட்டைக்கோஸ் நீலத்தையும் தரும். நான்குமே நம் வீட்டில் இருப்பவை. மஞ்சள் தூள் நிறம் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். அதை மட்டும் சன்னல் ஓரம் வைக்காதீர்கள்.

● சாய நீரில் வினிகர் விடுவது வாசனைக்கு அல்ல. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு அதன் மேற்பரப்பை லேசாக அரித்து, சாயம் பிடிக்க இடம் கொடுக்கிறது. வினிகர் அதிகமானால் ஓடு சொரசொரப்பாகிவிடும்.

● 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் நியூவார்க் நகர மருந்துக்கடைக்காரர் வில்லியம் டவுன்லி முட்டைச் சாயத்தைப் பொட்டலமாக்கி ஐந்து சென்டுக்கு விற்கத் தொடங்கினார். அதுவே 'பாஸ்' என்ற பெயரில் இன்றுவரை விற்பனையாகிறது. பழைய சாயப் பொட்டல உறைகளைச் சேகரித்து மேசையில் வைப்பவர்களும் உண்டு.

பாத்திரம்

● கூட்டில் அமர்ந்த கோழி வடிவ மூடிப் பாத்திரம் பழைய பாணி மேசையின் அடையாளம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையர் பீங்கான் பட்டறைகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே அது உருவானது. பின்பு அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதைப் பால்வெள்ளைக் கண்ணாடியில் வார்த்தன. பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லேண்ட் தொழிற்சாலையின் கோழிகளுக்கு இன்றும் நல்ல மதிப்பு. அந்தத் தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. அவித்த முட்டையை இந்தப் பாத்திரத்துக்குள் வைத்து மூடினால் சூடு சீக்கிரம் ஆறாது.

● இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் மின்னும் மெல்லிய கண்ணாடித் தட்டுகள் 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தவை. அச்சில் வார்த்த மலிவான பொருள். ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டார்கள். திரையரங்குகளில் டிக்கெட்டோடு கொடுத்தார்கள். கையில் காசில்லாத குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்த அந்தத் தட்டுகள்தான் இன்று ஈஸ்டர் மேசையில் முதலிடம் பெறுகின்றன.

● வெள்ளிக் கரண்டியால் முட்டை சாப்பிட்டால் கரண்டி கறுக்கும். முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கரும்படலமாகிறது. அதனால்தான் பழைய முட்டைக் கரண்டிகளை எலும்பு, கொம்பு, முத்துச்சிப்பி ஆகியவற்றில் செய்தார்கள். வெள்ளியில் செய்தால் குழியில் தங்க முலாம் பூசினார்கள்.

முயலும் ஆட்டுக்குட்டியும்

● முட்டை கொண்டுவரும் முயல் ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் பிறந்தது. 1682இல் கேயோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கனாவ் என்ற மருத்துவர் ஈஸ்டர் முட்டை பற்றி எழுதிய நூலில் அதைக் குறிப்பிடுகிறார். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் தங்கள் தொப்பியையே கூடாக்கி முயலுக்காக வைத்துவிட்டுத் தூங்குவார்கள். மேசையில் சிறு கூடு வைக்கும் வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

● பிரான்சில் முட்டை கொண்டுவருவது முயல் அல்ல, மணி. பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் வரை ஆலய மணிகள் ஒலிக்காது. அவை ரோமாபுரிக்குப் பறந்துபோய்த் திரும்பும்போது இனிப்பைச் சிந்திவிட்டு வருகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பிரெஞ்சுப் பாணி மேசை என்றால் சாக்லேட் மணி கட்டாயம்.

● முயல் ஓவியம் தீட்டிய புகழ்பெற்ற 'பன்னிகின்ஸ்' தட்டுகளை 1934இல் ராயல் டால்டன் நிறுவனம் வெளியிட்டது. அவற்றை வரைந்தவர் ஒரு கன்னியாஸ்திரி: பார்பரா வெர்னன் பெய்லி. அவருடைய தந்தைதான் அந்த நிறுவனத்தின் நிர்வாகி.

● முயல், கோழி வடிவத் தகர அச்சுகள் முதலில் மிட்டாய்ப் பட்டறைகளின் கருவிகள். டிரெஸ்டன் நகரில் 1870இல் ஆன்டன் ரைஷே தொடங்கிய தொழிற்சாலை இவற்றில் பேர்பெற்றது. துருப்பிடித்த அச்சில் சாக்லேட் ஊற்றாதீர்கள். அதை நிமிர்த்தி வைத்தாலே அழகுதான்.

● போலந்து மேசையின் நடுவில் இருப்பது வெண்ணெயால் செய்த ஆட்டுக்குட்டி. மர அச்சில் வெண்ணெயை அழுத்தி எடுத்து, மிளகைக் கண்ணாகப் பதிப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனியன்று முட்டை, ரொட்டி, உப்போடு கூடையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். நோன்பு விட்ட காலை முதலில் உண்பது அந்தக் கூடை உணவைத்தான்.

பூவும் புல்லும்

● அமெரிக்க ஈஸ்டரின் அடையாளமான வெள்ளை லில்லியின் தாயகம் ஜப்பானின் ரியூக்யூ தீவுகள். 1919இல் லூயி ஹூட்டன் என்பவர் அதன் கிழங்குகளை ஒரிகன் கடற்கரைக்குக் கொண்டுவந்து பயிரிடக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் வரவு நின்றதும் அங்கே சாகுபடி பெருகியது. வீட்டில் பூனை இருந்தால் இந்தப் பூவே வேண்டாம். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

● ஸ்வீடனில் பிர்ச் மரக் கிளைகளில் வண்ண இறகுகளைக் கட்டிக் குவளையில் நிறுத்துவார்கள். தண்ணீரில் நின்ற கிளை வீட்டுச் சூட்டில் மெல்லத் துளிர்க்கும். பண்டிகையன்று இறகும் தளிரும் சேர்ந்து தெரியும்.

● பின்லாந்தில் பிள்ளைகள் தட்டில் புல் விதை தூவி, ஈஸ்டருக்கு முன்பே முளைக்க வைப்பார்கள். நம் ஊர் முளைப்பாரியைப் போல அந்தப் பச்சையும் புது உயிருக்கு அடையாளம். முட்டைகளை அதன்மேல் அடுக்கினால் பிளாஸ்டிக் புல்லே தேவையில்லை.

● ஊதிக் காலியாக்கிய முட்டைகளை மரக்கிளையில் தொங்கவிடுவது ஜெர்மன் வழக்கம். சால்ஃபெல்ட் நகரில் ஃபோல்கர் கிராஃப்ட் 1965இல் தன் ஆப்பிள் மரத்தில் 18 முட்டைகளோடு தொடங்கினார். ஆண்டுதோறும் கூடிக் கூடி அது 10,000ஐத் தொட்டது. மேசைக்கு ஒரு சிறு கிளையும் பத்து முட்டைகளும் போதும்.

காகிதம்

● தேன்கூடு போல விரியும் மெல்லிய காகிதக் கோழி, முயல், முட்டைகளை அமெரிக்காவில் பரப்பியது 1900இல் தொடங்கிய பீஸ்டில் நிறுவனம். விழா முடிந்ததும் மடித்தால் அட்டை போலத் தட்டையாகும். அதனால்தான் பல வீடுகளில் அவை இத்தனை ஆண்டு பிழைத்திருக்கின்றன.

● 1900களின் தொடக்கம் ஈஸ்டர் அஞ்சலட்டைகளின் பொற்காலம். பெரும்பாலானவை ஜெர்மனியில் பல வண்ணக் கல்லச்சில் அச்சாயின. எல்லன் கிளாப்சாடில் வரைந்த குழந்தைகளும் கோழிக்குஞ்சுகளும் இன்றும் தேடி வாங்கப்படுகின்றன. அசலை வெட்டாதீர்கள். நகல் எடுத்து, விருந்தினர் பெயர் எழுதி, ஒவ்வொரு தட்டின்மேலும் வையுங்கள்.

வாங்கும்போது

● பழைய பொருளின் வயதை அடிப்பக்கம் சொல்லும். 1891 முதல் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரை இருந்தால் அது போருக்குப் பின், 1952க்கு முன். மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்ற பெயர்கள் இருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

● பழைய மெருகிலும் பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம். அத்தகைய தட்டில் புளிப்பான உணவைப் பரிமாற வேண்டாம். முட்டைகளை அடுக்கி வைக்கவும் பூ வைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். வண்ணப் பொருள்களைச் சிறு குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

● அவித்த முட்டை அலங்காரமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அதைச் சாப்பிடக் கூடாது. அலங்காரத்துக்குத் தனி, உணவுக்குத் தனி என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

பழைய பாணிக்கு விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. வெங்காயச் சருகும் விதைத்த புல்லும் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியும் இருந்தாலே அந்தக் காலத்து மேசை அமைந்துவிடும். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஈஸ்டர் கொண்டாடினால், பெரியவர்கள் பத்திரப்படுத்திய ஏதேனும் ஒரு தட்டையோ கிண்ணத்தையோ இந்த முறை வெளியே எடுங்கள். அது எப்படி வந்தது, யார் பயன்படுத்தியது என்று அவர்களிடமே கேளுங்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளும் கேட்கட்டும்.